மாண்டிசோரி அம்மையாரும் கோடைமலைப் பள்ளியும்

சென்ற திங்கள் நடைபெற்ற நம் சங்கத்துப் பொதுக்குழுவில், சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சிறுவர் பள்ளியாக அமைத்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொணரப்பட்டதும், அப்பள்ளியின் பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்னும் சொல் பொறிக்கப்பட்டாலன்றிப் பெற்றோர் மனங்கொள்ளார் என்று அன்பர் சிலர் வற்புறுத்தியதும், வேறு சிலர் அஃது அயல்நாட்டார் கோட்பாடு, செல்வர்க்கே உரியது, நமக்கு ஏலாது என்று மறுத்ததும் இவ்விதழ் படிக்கும் அன்பர்கள் அறிந்தனவே. இருதிறத்தாரும் அச்சொல்லின் வரலாற்றை ஆராயாது வழக்காடினர் என்பது எம் கருத்து. அச்சொல் ஒரு பெண்மணியின் குடிப்பெயர். அவர் சற்றேறக்குறைய ஏழாண்டு நம் நாட்டில் உறைந்தவர். அவ்வாண்டுகளிற் பெரும்பகுதியைத் தமிழகத்திற் கழித்தவர். அவர்தம் கல்விமுறையின் பிற்பகுதி, அதாவது ஆறு அகவை முதற் பன்னிரண்டு அகவை வரையுள்ள சிறார்க்குரிய பகுதி, நிறைந்த வடிவம் எய்தியது நம் கோடைமலையில். இதனை நம்மவருள் அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் நாள் இத்தாலி நாட்டிலே கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெண்டிர் மருத்துவம் பயிலுதல் நகைப்புக்கும் வசைக்கும் இடனாயிருந்த அந்நாளில் உரோமைப் பல்கலைக்கழகத்திற் புக்குப் பயின்று, 1896 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் எய்தினார். பின்னர் அறிவுவளர்ச்சி குன்றிய சிறாரை ஆராயும் பணி அவர்க்கு வாய்த்தது. பித்தர் விடுதிகளில் முதியோரோடு ஒருங்கு அடைபட்டுக் கிடந்த அச்சிறார்க்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என்று அவர் துணிந்தார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களாகிய இட்டார், செகென் என்னும் இருவர் முன்னரே எழுதிய நூல்களைத் தேடிக் கற்று, தொட்டும் எடுத்தும் வைத்தும் அறிதற்குரிய கருவிகளைச் செய்வித்து அவர்களைப் பயிற்றினார். அவருட் சிலர் எழுதவும் படிக்கவும் வல்லராய், ஏனைச் சிறார் எழுதும் தேர்விலே தேறினர். கண்டார் வியந்தனர். அம்மையார் வியந்ததோ வேறொன்று: குறையுடைய சிறார் இவ்வளவு ஏற வல்லராயின், குறையில்லாச் சிறார் பள்ளிகளில் இத்துணைத் தாழ்வில் நிற்றற்குக் காரணம் யாது என்பதே அது.

அவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு 1907 இல் வந்தது. வந்த வழி சிறப்புடைய வழியன்று. உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் பகுதி தொழிலாளரும் வறியரும் நெருங்கி வாழ்ந்த இடம். அங்குப் பாழ்பட்டுக் கிடந்த அடுக்குமாடிக் கட்டடங்களை ஒரு கட்டடக் குழுமத்தார் வாங்கிச் செப்பனிட்டு, ஏழைக் குடும்பங்களைக் குடியேற்றினர். பெற்றோர் வைகறையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி செல்லும் அகவை எய்தாத சிறுவர் மாடிப்படிகளில் ஓடியாடிப் புதுச்சுவர்களைக் கீறிக் கெடுப்பர். சுவரைச் செப்பனிடும் செலவினும் சிறுவரை ஓர் அறையிற் சேர்த்துக் காவலிடும் செலவு குறைவு என்று கணக்கிட்டார் அக்குழுமத்தின் தலைவராகிய எடோர்தோ தாலமோ. உலகெலாம் பரவிய ஒரு கல்விமுறை சுண்ணாம்புச் செலவைக் குறைக்கும் எண்ணத்திற் பிறந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள், ஐம்பதின்மர்க்கு மேற்பட்ட சிறாரோடு, 'குழந்தைகள் இல்லம்' என்று பொருள்படும் பெயரால் அவ்வறை திறக்கப்பட்டது. அக்கட்டடத்திற் குடியிருந்தார் பிள்ளைகள் யாவரும் அதற்கு உரியர். ஆசிரியையாய் அமர்ந்தவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். விலையுயர்ந்த பெஞ்சுகளும் கரும்பலகைகளும் வாங்கப் பணம் இல்லாமையின், சிறு மேசைகளும் சிறு நாற்காலிகளும் செய்யப்பட்டன. செல்வர்க்கே உரியது இம்முறை என்று பொதுக்குழுவிற் பேசிய அன்பர், இத்தோற்றத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வறையில் அம்மையார் செய்தது கற்பித்தலினும் மிகுதியும் நோக்குதலே. மூன்று அகவைக் குழந்தை ஒன்று, மரக்கட்டையிற் குடைந்த துளைகளில் வெவ்வேறளவுள்ள உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தது. சுற்றி நின்ற சிறாரைப் பாடச் செய்தும் அது தலை நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நாற்பது முறைக்கு மேற் செய்து முடித்து, துயிலினின்று எழுந்தார்போல் முகமலர்ச்சியோடு எழுந்தது. குழந்தைக்குக் கவனம் நிலையாது என்று அதுகாறும் ஆசிரியர் உலகம் கொண்டிருந்த கொள்கை ஆண்டே தகர்ந்தது என்க. மற்றொரு நாள், கருவிகள் வைத்த பேழை பூட்டப்படாமல் இருந்தது. சிறார் தாமே வேண்டியவற்றை எடுத்து வேலை தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதனைக் களவு என்று கருதினார். அம்மையாரோ, எதை வேண்டுமென்று இவர்கள் அறிந்துள்ளார்கள் என்று கருதினார். அன்றுதொட்டுப் பேழைகள் ஒழிந்து, குழந்தையின் கைக்கெட்டும் திறந்த தட்டுகள் வந்தன.

எழுத்து வந்த வழியை எம் தொழில் காரணமாகச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டி, குழந்தை இரு விரல்களால் எழுதும் போக்கிலேயே தடவுமாறும், தடவுங்கால் எழுத்தின் பெயரை விடுத்து ஒலியை மட்டும் சொல்லுமாறும் அம்மையார் அமைத்தார். அதனோடு, தனித்தனியே எடுத்து வரிசையாக வைத்துச் சொல் அமைத்தற்குரிய எழுத்துகளையும் கொடுத்தார். கைக்கு எழுதுகோலைப் பிடிக்கும் வன்மையோ வேறு வேலைகளால் முன்னமே வந்திருந்தது. ஒரு மார்கழி நாள், மொட்டைமாடியில், புகைபோக்கி ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்த சிறுவன் திடீரென்று 'எனக்கு எழுத வரும்' என்று ஆர்ப்பரித்து, கை, புகைபோக்கி, கூரை என்னும் சொற்களை அவன் மொழியில் தரையில் எழுதினான். கண்ட ஏனைச் சிறாரும் சுண்ணக்கட்டி வேண்டி ஓடினர். எழுதுவித்தார் ஒருவரும் இலர். எழுத்து முந்தியும் படிப்புப் பிந்தியும் வந்தன. நம் பள்ளிகளில் நாம் கொண்டிருக்கும் முறை இதற்கு மாறு.

மணலில் விரலால் எழுதிய நம் திண்ணைப் பள்ளியை அன்பர்கள் இங்கே நினைவு கூர்வர். நினைதல் தகும். ஆனாவும் ஆவன்னாவும் வாயாற் சொல்லி விரலால் மணலிலும் அரிசியிலும் எழுதிய குழந்தைக்கு, எழுத்துக் கையின் வழியே உள்ளத்துட் புகுந்தது. பல அகவையினர் ஒருங்கு அமர்ந்தனர். மூத்தவன் சட்டாம்பிள்ளையாய் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். இவ்வாறு மணலில் எழுதிய சிறாரைக் கண்டே, சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்டிரு பெல் என்னும் பாதிரியார், சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையொன்றை வகுத்து 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்றே ஆங்கில நாட்டில் வழங்கிற்று. எனினும் இதனைக்கொண்டு மாண்டிசோரி முறை நம்முடையதே என்று கொள்வார் கூற்று எமக்கு உடன்பாடன்று. திண்ணைப் பள்ளியில் மணலும் இருந்தது, பிரம்பும் இருந்தது. கோதண்டம் என்னும் பெயரைக் கேட்டு நடுங்கிய முதியோரை இளமையில் யாம் கண்டிருக்கின்றோம். அங்குக் குழந்தை ஆசிரியர் குறித்ததைக் கற்றது. சான் லொரென்சோவிலோ தான் வேண்டியதைத் தானே எடுத்தது. விரலும் மணலும் ஒத்திருப்பினும் இவ்வேற்றுமை சிறியதன்று.

நிற்க. 1909 இல் அம்மையார் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். 1912 இல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1915 இல் அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோப் பொருட்காட்சியிற் கண்ணாடிச் சுவரமைத்த வகுப்பறையிற் சிறார் வேலை செய்தலை மக்கள் திரண்டு கண்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே கில்பாட்ரிக் என்னும் அமெரிக்க ஆசிரியர் இம்முறையைக் கடிந்து ஒரு நூல் வெளியிட்டார். கருவிகள் குழந்தையின் கற்பனைக்கு இடந்தாரா என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று. 1916 இல் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குத் தம் முறையை விரித்து அம்மையார் மற்றுமொரு நூல் வெளியிட்டார். இலக்கணம், கணக்கு, வடிவியல் முதலியன அதில் உள்ளன. ஆயின் அவை தனித்தனிப் பாடங்களாய் நின்றனவேயன்றி ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை. கோத்த நூல் பின்னரே கிடைத்தது.

அம்மையார் வரலாற்றில் மாசு இல்லையென்று யாம் கூறோம். 1924 முதல் முசோலினியின் அரசு நல்கிய ஆதரவை அவர் ஏற்றார். சிறாரைத் தம்மியல்பில் வளரவிடுக என்றவரும், சிறாரைப் படைவீரராக அணிவகுக்க விழைந்தவனும் எத்துணைக் காலம் ஒருங்கு செல்லுதல் கூடும்? 1934 இல் அவ்வுறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியிலும் அவ்வாறே ஆயிற்று. பார்சிலோனா நகரில் வாழ்ந்தவரை 1936 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் துரத்த, ஒல்லாந்து நாடு புகுந்தார். தம் கருவிகளைச் சிறிதும் மாற்றலாகாது என்றும், தம்மாற் பயிற்றப்பட்டாரே பயிற்றுதல் வேண்டும் என்றும் அவர் காட்டிய கண்டிப்பும் பலரை அகலச் செய்தது. கருவிகளின் விலை ஏறியதற்கு இக்கண்டிப்பும் ஒரு காரணம் என்று கருதுகின்றோம்.

1931 ஆம் ஆண்டு அக்டோபரில், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியடிகள் இலண்டனில் அம்மையாரைக் கண்டார்; அவர் மாணாக்கரிடையே பேசுங்கால், அரைப்பட்டினியில் வாடும் நம் சிற்றூர்ச் சிறார்க்கு இக்கல்வியைக் கொடுத்தல் ஒல்லுமா என்னும் எண்ணம் தமக்கு எழுந்ததைக் கூறினார். அவ்வெண்ணத்தை அதற்கு முன்னரே கைக்கொண்டு உழைத்தவர் கூர்ச்சரத்துப் பாவநகரில் 1920 முதற் குழந்தைகள் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேகா அவர்கள். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், பின்னர் மகாராட்டிரத்தில் மலைவாழ் மக்களிடைச் சென்று, அவர்தம் முற்றங்களிலேயே உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு சிறாரைப் பயிற்றினார். முற்றத்துப் பள்ளி என்னும் பொருளுடைய 'அங்கன்வாடி' என்னும் பெயர் அவ்வழியே வந்தது. 1975 இல் நாடெங்கும் அரசினர் தொடங்கிய குழந்தை நல மையங்கள் அப்பெயரையே பூண்டன. நம் தெருக்கோடியில் உள்ள அங்கன்வாடிக்கும் உரோமை நகரத்து அவ்வறைக்கும் இவ்வாறு உறவுண்டு.

இனிச் சென்னைக்கு வருவாம். பிரமஞான சபையின் தலைவராயிருந்த அருண்டேல் துரையும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியாரும் அழைக்க, 1939 நவம்பரில் அம்மையார் அடையாறு போந்தார். அகவை அறுபத்தொன்பது. உடன் வந்தவர் மாரியோ. முந்நூற்றுவர் அளவிலான ஆசிரியர் இந்தியாவின் பல பகுதிகளினின்றும் வந்து கூடினர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில திங்கள் தங்கித் திரும்புவது கருத்து. ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரிற் புகுந்தது. இத்தாலியர் யாவரும் ஆங்கில ஆட்சிக்குப் பகைவராயினர். மாரியோ ஆமத்நகர்ச் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாற்றுச் சபை எல்லையை விட்டுச் செல்லலாகாது என்று விதிக்கப்பட்டார்.

ஈண்டு ஒன்று கூறாதுவிடின் வரலாறு நிரம்பாது. மாரியோ அம்மையாரின் மகன். மணவாது 1898 இற் பெற்ற மகனாதலின், அக்காலத்து உலகுக்கு அஞ்சி நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டவர்; பிறரிடம் உறவினர் என்றே அறிமுகம் செய்யப்பட்டவர். 1940 ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாள். பிறந்தநாட் பரிசாக மகனைத் திருப்பித் தருகின்றோம் என்னும் கருத்தமைந்த தந்தி வைசிராயிடமிருந்து வந்தது. நாற்பதாண்டுக்கு மேலாக வெளிப்படக் கூறாத அம்முறைப்பெயரை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படக் கூறிற்று. உலகத்துக் குழந்தைகளையெல்லாம் ஆராய்ந்த தாய், தன் குழந்தையின் இளமையைக் காணாதவர் என்பதை எண்ணுங்கால் எம் உள்ளம் உருகுகின்றது.

1942 முதல் 1944 வரை அம்மையாரும் மாரியோவும் கோடைக்கானலில் தங்கினர். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரமுள்ள அம்மலை, போரினின்று ஒதுங்கிய புகலிடமாயிற்று. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தினே அம்மையார் உடன் உழைத்தார். அங்கு அவர்களைச் சூழ்ந்த சிறார் இந்தியரும் ஐரோப்பியருமாய், தளர்நடைப் பருவத்தாரும் பன்னிரண்டு அகவையினருமாய்க் கலந்திருந்தனர். அடுக்கடுக்காகப் பிரித்த பெரிய பள்ளியாய் இராது, மூத்தாரும் இளையாரும் ஒருவர் வேலையை ஒருவர் காணும் சிறிய கூட்டமாய் இருந்தமையின், ஓர் உண்மை புலனாயிற்று: மூத்தார்க்கென்று விரித்த படத்தின்முன் இளையோரும் வந்து நின்றனர், இஃது இவர்க்கு எட்டாது என்று ஆசிரியர் இடும் எல்லை பலவிடத்தும் பொய்யாயிற்று. கூடவே மலை இருந்தது. பாசி, பெரணி, பூச்சி, பாறை, சுனை என்பன வாயிற்படியிலேயே கிடந்தன. செடிகொடிகளையும் உயிர்களையும் வகைப்படுத்தும் அட்டைகள், நிலநூலுக்குரிய சோதனைகள், காலத்தை நீட்டிக் காட்டும் படச்சுருள்கள் ஆகிய பல அங்கு உருப்பெற்றன.

ஆறு அகவைக்குட்பட்ட குழந்தை 'இது யாது' என்று வினவும். கண்டதையெல்லாம் நீரை ஈர்க்கும் பஞ்சுபோல ஈர்த்துக்கொள்ளும். ஆறு கடந்த சிறுவனோ 'ஏன்' என்று வினவுவான்; கண்ணெதிரே இல்லாததையும் மனத்தாற் காண்பான்; கூட்டம் சேர்வான்; நீதி அநீதி வழக்காடுவான். இவனுக்குத் துண்டுதுண்டாகப் பாடம் கொடுத்தல் பெரும் பசியுடையானுக்குப் பருக்கை எண்ணி இடுதல் போலும். ஆகலின் முதலில் அண்டம் முழுவதையும் கொடுத்துவிடுக என்றார் அம்மையார். இதுவே அவர் 'அண்டக் கல்வி' என்றது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் பெருங்கதைகள் ஐந்து சொல்லுவார். உலகம் தோன்றியது, உயிர் தோன்றியது, மாந்தர் தோன்றியது, எழுத்துத் தோன்றியது, எண் தோன்றியது என்பன அவை. முதற்கதை சொல்லுங்கால் நீர்மங்கள் எடைக்கேற்ப ஒன்றன்கீழ் ஒன்று தங்குவதையும், குளிரில் உறைவதையும் வெம்மையில் உருகுவதையும் செய்தே காட்டுவார். கதையின் பின்னர்ச் சிறார் தத்தமக்குப் பிடித்த நூலிழையைப் பற்றிக்கொண்டு தேடப் புறப்படுவர். ஒருவன் எரிமலையை நாடுவான். ஒருத்தி எழுத்தின் வரலாற்றை நாடுவாள். இலக்கணமும் கணக்கும் நிலநூலும் அத்தேடலில் வேண்டியாங்கு வந்து சேரும். 1916 இல் தனித்து நின்ற பாடங்களைக் கோத்த நூல் இதுவே.

அச்சுருள்களுள் ஒன்றைப் பற்றி அம்மையார் வழிவந்தோர் ஒரு செய்தி கூறுவர். எம் நாட்டு நாகரிகமே தொன்மையானது என்று இங்குள்ள சிறார் பெருமை பேச, அம்மையார் மிக நீண்ட கருந்துணி ஒன்றைச் சுருளாக்கி, நிலத்தில் உருட்டி விரிக்கச் செய்தாராம். துணி முழுதும் உலகத்தின் வயது; அதன் கடைக்கோடியில் இழை போன்ற வெண்மை ஒன்றே மாந்தர் வாழ்ந்த காலம். சோழரும் பாண்டியரும், எகிப்தியரும் உரோமரும் அவ்விழைக்குள் அடங்குவர். நம் இதழில் மாதந்தோறும் நம் குலத்தின் தொன்மையை ஆராய்ந்து எழுதும் புலவர்கள் அத்துணியை ஒருகால் விரித்துப் பார்த்தல் நலம். யாமும் அத்தகைய கட்டுரை மூன்று எழுதியிருக்கின்றோம்.

முன்பகுதியும் பின்பகுதியும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதற்கு ஒரு கருவியைச் சான்றாகக் காட்டுவாம். சிறிய பெட்டி, அதனுள் வண்ணம் தீட்டிய எட்டு மரக்கட்டைகள். சிவந்த கனச்சதுரம் ஒன்று, நீலக் கனச்சதுரம் ஒன்று, சிவப்பும் கருமையும் கலந்த தட்டைகள் மூன்று, நீலமும் கருமையும் கலந்தவை மூன்று. நான்கு அகவைக் குழந்தை வண்ணத்தோடு வண்ணம் பொருத்தி இதனை ஒரே கனச்சதுரமாக அடுக்கி மகிழும். அதற்கு அது விளையாட்டு. அக்குழந்தை பத்து அகவை எய்தியபின் அதே பெட்டியை ஆசிரியர் மீண்டும் எடுத்து வைப்பார். சிவப்பின் பக்கம் ஓர் எண், நீலத்தின் பக்கம் மற்றோர் எண். அவ்விரண்டையும் கூட்டி மும்முறை பெருக்கினால் வருவன இவ்வெட்டுத் துண்டுகளே. நாம் ஒன்பதாம் வகுப்பில் நெட்டுருச் செய்த ஈருறுப்பு வாய்பாடு அங்குக் கையில் இருக்கின்றது. ஆறு அகவையோடு பள்ளியை நிறுத்துவார், இப்பெட்டியை விளையாட்டுப் பொருளாகவே வைத்துவிட்டு எழுந்து போகின்றார். விதையை ஊன்றி நீர் விட்டு, முளை கண்டவுடன் நிலத்தை விற்பாரை ஒப்பர்.

1944 இல் அம்மையார் இலங்கை சென்று கொழும்பில் வகுப்பு நடத்தினார். 1946 இல் ஐரோப்பா திரும்பினார். 1947 இல் மீண்டும் வந்து 1949 வரை இங்குப் பணியாற்றினார். அவரிடம் இந்நாட்டிற் பயின்ற ஆசிரியர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர். அண்டக் கல்வியை விளக்கும் நூல் 1948 இலும், குழந்தையின் ஈர்க்கும் மனத்தை விளக்கும் நூல் 1949 இலும் நம் சென்னை அடையாற்றிலேயே முதற்கண் வெளிவந்தன. 1952 மே 6 ஆம் நாள் ஒல்லாந்து நாட்டுக் கடற்கரையூர் ஒன்றில் அம்மையார் மறைந்தார்.

பின் நிகழ்ந்தது யாது? கோடையில் விளைந்த பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடக்கப்பள்ளிகளாய்ப் பரவிற்று. நம் நாட்டிலோ பெயர் மட்டும் பெருகிற்று. அப்பெயர்க்குத் தனியுரிமை எவர்க்கும் இல்லை. 1967 இல் அமெரிக்க நாட்டில் எழுந்த வழக்கொன்றில் அது பொதுப்பெயரே என்று முடிவாயிற்று. ஆதலின் எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்ட பள்ளிகளிற் பலவற்றில் மூன்று அகவைக் குழந்தைக்கு வீட்டுப்பாடமும் தேர்வும் உண்டு. உருளைக்கட்டைகள் கண்ணாடிப் பேழையிற் பூட்டப்பட்டு, பெற்றோர் வரும் நாளில் திறக்கப்படுகின்றன. உண்மையாக நடத்துவாரும் உளர், அவர் சிலர். அவரிலும் ஆறு அகவைக்கு மேல் நடத்துவார் மிகச் சிலர். அவற்றின் கட்டணம் நம் சங்கத்து அன்பருட் பெரும்பாலார்க்கு எட்டாதது.

ஆயினும் பெயரில்லாத வழியொன்றும் ஓடிற்று. 2003 ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிற் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பட்டது. ரிஷிவாலிப் பள்ளியின் சிற்றூர்க் கல்வி அட்டைகளும் மாண்டிசோரிக் கருவிகளும் அதற்குத் துணையாயின. சிறார் தரையிற் பாய்விரித்து அமர்ந்தனர். தத்தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்து, ஏணிப்படி போன்ற வரிசையில் தத்தம் வேகத்தில் ஏறினர். சுவரின் அடியிற் சிறார் கைக்கெட்டும் கரும்பலகை ஓடிற்று. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். 2007 முதல் அது மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. விரிந்த வேகத்திலே அதன் உயிர் சிறிது மெலிந்தது என்பதும் மெய்யே. அட்டை நிரப்புதலே கல்வியாய்ப் போன பள்ளிகளும் உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 2022 இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. குறை பல இருப்பினும், சான் லொரென்சோத் தொழிலாளர் பிள்ளைகளை ஒத்த சிறாரிடம் இக்கல்வியின் ஒரு கூறு வந்து சேர்ந்தது பெயர்ப்பலகைப் பள்ளிகளால் அன்று. இவ்வழியாலேயே என்பதைச் சங்கத்தார் நினைவிற் கொள்க.

ஆகவே பலகையில் யாது எழுதுவது என்னும் வழக்கில் எமக்கு ஆர்வமில்லை. பள்ளி ஆறு அகவையோடு நிற்றலாகாது, ஐந்தாம் வகுப்பு வரையேனும் செல்லுதல் வேண்டும் என்பதும், சங்கக் கட்டடம் அமைந்த தெருவில் வாழ்வார் பிள்ளைகள் எக்குலத்தாராயினும் சேர்க்கப்படுதல் வேண்டும் என்பதுமே எம் வேண்டுகோள். பின்னதைப் பற்றி முணுமுணுப்பு உண்டென்று அறிவோம். பல அகவையும் பல வீடும் கலவாத இடத்தில் இம்முறை நடவாது. அது கருணையால் வந்த விதியன்று, வேலையின் இயல்பால் வந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை பெரும்பாலன நம் ஊர்த் தச்சராற் செய்யக்கூடியனவே. ஒரு சென்டிமீட்டர் முதற் பத்துச் சென்டிமீட்டர் வரை பத்துக் கனச்சதுரம் அறுத்தற்கு அயல்நாட்டுத் தொழிற்சாலை வேண்டா. தமிழுக்குரியனவே கடினம். அம்மையார் இலக்கணத்துக்கு வடிவும் வண்ணமும் அமைத்தார்: பெயர்ச்சொல்லுக்குக் கரிய முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவந்த வட்டம். தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டி நிற்கும். வினைமுற்றுக்குள்ளே காலமும் இடமும் அடங்கி நிற்கும். ஆகவே ஒரு சொல்லின்மேல் ஒரு வடிவம் வைத்தால் உள்ளிருப்பன மறைந்துபோம். சொல்லைப் பகுத்து வைக்கும் துண்டட்டைகள் புதிதாகச் செய்யப்படுதல் வேண்டும்.

எழுத்திலும் அவ்வாறே. 'கொடி' என்று ஒலிக்கும் குழந்தையின் செவிக்கு முன்னர்க் ககரமெய்யும் பின்னர் ஒகரமும் கேட்கும்; எழுத்திலோ கொம்பு முன்னும், ககரம் இடையும், கால் பின்னுமாய் நிற்கும். கு, கூ என்பனவற்றில் உயிர்க்குறி பிரிக்கவே வாராது. இரு நூற்று நாற்பத்தேழையும் தனித்தனித் துண்டாக்கினால் குழந்தை எடுத்துத் தேடப் பெட்டி போதாது. குறிகளை மட்டும் பிரித்தாலோ ஒலியின் வரிசை மாறும். உயிர்மெய்யை ஒரே துண்டாக வெட்டி, அத்துண்டுக்குள் மெய்க்குரிய பகுதி சிவப்பாகவும் உயிர்க்குரிய பகுதி நீலமாகவும் இருக்குமாறு தீட்டலாம் என்பது எம் எண்ணம். முதலில் வேண்டும் வரிசைகளை மட்டும் செய்து, ஏனையவற்றைக் குழந்தை முன்னேறுந்தோறும் சேர்க்கலாம். தச்சர் ஒருவர் மாதிரிக்குக் ககர வரிசை பன்னிரண்டும் அறுத்துத் தந்திருக்கின்றார். கொ, கோ, கௌ மூன்றிலும் நீலத்துக்கிடையே சிவப்பு நன்கு தெரிகின்றது. கு, கூ இரண்டிலும் வண்ணத்தை எவ்விடத்திற் பிரிப்பது என்பது மட்டும் துணியப்படவில்லை. அவை சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் பயிற்றும் அன்பர்கள் வந்து கண்டு, தம் கருத்தை இவ்விதழுக்கு எழுதலாம்.